எழுதாத ஊசி நிற்காது

மயில்சாமியை எங்கள் பக்கத்தில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. பொள்ளாச்சிக்குத் தெற்கே பதினாலு ஊர் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். பைக்கின் பின்னால் ஒரு நைட்ரஜன் கேன் கட்டியிருப்பார். அதற்குள் காளையின் விந்தை அடைத்து உறைய வைத்த மெல்லிய குழாய்கள் இருக்கும். மாடு பருவத்துக்கு வந்து காலையில் கத்தினால் சாயங்காலம் வந்து நிற்பார்; சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலையில். மழையானாலும் சரி, மாமன் வீட்டுக் கல்யாணமானாலும் சரி, அந்த முறையில் அவர் தவறியதே கிடையாது.

நான் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் பதினோரு வருடமாகக் கிளார்க். மயில்சாமியின் மனைவி கோகிலவாணியும் நானும் பிளஸ் டூ வரை ஒரே பெஞ்சு. அதனால் அவர் பக்கத்து நியாயத்தை சொசைட்டியிலும், அவள் பக்கத்து நியாயத்தை அவள் வீட்டு அடுப்படியிலும் கேட்டு வைத்திருக்கிறேன். இதை எழுதச் சொன்னதும் அவர்கள் இருவரும்தான். ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவிடு என்றார்கள், விட்டுவிட்டேன். என் வாய்த்துடுக்கை விடச் சொல்லவில்லை.

மயில்சாமியின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். ஊசி போட்டு முடித்ததும், கையைக் கழுவுகிறாரோ இல்லையோ, அந்த இடத்திலேயே நின்று தேதி, மாட்டுக்காரர் பெயர், மாட்டின் நிறம், காளை எண் எல்லாவற்றையும் எழுதிவிடுவார். காளை எண் முக்கியம். அது தெரியாவிட்டால் நாளைக்குப் பிறக்கிற கிடாரிக்கு அதன் அப்பன் காளையின் விந்தையே போட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. ஆனால் அவர் எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், ராசாத்தாள் என்கிற அம்மாவின் கட்டுத்தரையில் மழையில் நோட்டு நனைந்துவிட்டது என்று எழுதாமல் வந்துவிட்டார். அந்த மாட்டுக்கு ஊசி நிற்கவில்லை, சினை பிடிக்கவில்லை. அடுத்தும் பிடிக்கவில்லை. கடைசியில் அதைச் சந்தையில் அடிமாட்டுக்குத் தள்ளினார்கள். அன்றிலிருந்து எழுதாத ஊசி நிற்காது என்பது அவருக்கு வேதவாக்கு. நான் சிரித்தால் கோபித்துக்கொள்வார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண் என்று ஒன்று அவர் கண்ணில் பட்டுவிட்டால் போதும், மறக்கவே மாட்டார். எட்டு வருடத்துக்கு முன்னால் ஈஸ்வரமூர்த்தி தோட்டத்துக் கறுப்பு மாட்டுக்குப் போட்ட காளை எண் என்னவென்று கேட்டால், பைக்கை நிறுத்தாமலேயே சொல்லிவிட்டுப் போவார்.

சின்ன நோட்டில் இருப்பதைப் பெரிய புத்தகத்தில் பார்த்து எழுதுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. அது கோகிலவாணியின் வேலை. அவருடைய கையெழுத்துக்குக் கோழி கிளறின குப்பைமேடு தேவலை. இவள் கையெழுத்து அச்சு. கோடு போட்ட அந்தப் புத்தகத்தில் ஐந்து கட்டங்கள்: தேதி, மாட்டுக்காரர், மாடு, காளை எண், பலன். கன்று பிறந்தால்தான் பலன் கட்டம் நிறையும். ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிற புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்து கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். காளை எண் இல்லாத வரி இருந்தால் முத்திரை வைக்கக் கூடாது, புத்தகத்தைத் திருப்பிவிட வேண்டும் என்பது சொசைட்டி விதி.

கல்யாணமாகி ஒன்பது வருடம் அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஈஸ்வரமூர்த்தி மாதிரி ஆட்கள் டீக்கடையில் பேசுவார்கள், பதினாலு ஊர் மாட்டைச் சினையாக்குகிறவன் வீட்டில் தொட்டில் கட்டக் காணோமே என்று. மயில்சாமியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பை நம்பி நாங்களெல்லாம் ஏமாந்தோம்.

எனக்கு அவர்மேல் உள்ள பெரிய கோபம் இந்த ஒன்பது வருடத்தில் முதல் எட்டு வருடத்தைப் பற்றியது. கோகிலவாணி ஸ்கேன் எடுத்தாள், மாத்திரை சாப்பிட்டாள், குழாய்க்குள் மருந்து செலுத்திப் பார்க்கிற வலியெல்லாம் பட்டாள், சஷ்டி விரதம் இருந்து கன்னம் ஒட்டிப்போனாள். இவர் ஒரு பரிசோதனைக்கும் போகவில்லை. இதே மனிதர் தோட்டம் தோட்டமாகப் போய், மாட்டையே குறை சொல்லாதீங்க, மூணு ஊசி நிக்கலைன்னா காளையை மாத்திப் பாருங்க என்று உபதேசம் செய்வார். ஊருக்குத்தான் உபதேசம். ஒருநாள் சொசைட்டியில் நாலு பேருக்கு முன்னால் நான் அதைக் கேட்டே விட்டேன். பால் கேனை மூடிக்கொண்டிருந்தவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அடுத்த வாரம் கோயம்புத்தூருக்குப் போனார்கள்.

அங்கே டாக்டர் கிளாடிஸ் என்று ஒரு அம்மா. பரிசோதனை முடிந்ததும் விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை என்று சொல்லியிருக்கிறார். மயில்சாமி அதை நம்பவில்லை. நானே பார்க்க வேண்டும் என்றார். இந்த ஆளுக்கு மைக்ராஸ்கோப்பில் பார்க்கத் தெரியும் என்று டாக்டருக்குத் தெரியாது, பார்க்க விட்டார்கள். நல்ல காளை விந்து எப்படி இருக்கும் என்று அவர் எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறார், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வெளியே ஓடி வருகிற மாதிரி இருக்குமாம். அன்றைக்கு ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து, லீவு விட்ட பள்ளிக்கூடம் மாதிரி இருக்குதுங்க என்றாராம். டாக்டருக்குப் புரியவில்லை. கோகிலவாணிக்குப் புரிந்தது.

ஆண்களுக்கு இப்படி ஒரு செய்தி வந்தால் என்னென்ன செய்வார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். குடிப்பார்கள், அடிப்பார்கள், இல்லையென்றால் ரிப்போர்ட்டை ஒளித்துவிட்டு இரண்டாம் கல்யாணம் பேசுவார்கள். மயில்சாமி இவற்றில் எதையும் செய்யவில்லை. நாலு மாதம் வேலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். அவ்வளவுதான். நாலாவது மாதம் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டே, வேற ஆளு கொடுக்கறதை வெச்சுப் பண்றதைப் பத்தி அந்த டாக்டரம்மா சொன்னாங்களே, அதையப் போயிக் கேட்போமா என்றாராம். இதைச் சொன்னது அவர்தான், கோகிலவாணி இல்லை. என் கோபத்தில் பாதி அங்கே இறங்கியது.

டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, கொடுத்தவர் எந்தக் கூட்டம் என்பது. எங்கள் பக்கத்தில் ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள், அது அண்ணன் தங்கை முறை. டாக்டர் சிரிக்காமல் பதில் சொல்லியிருக்கிறார். பேர், ஊர், சாதி எதுவும் எங்களுக்கே தெரியாது, விந்து வங்கியிலிருந்து வரும், உடம்பில் நோய் இல்லையென்று பார்த்து, ரத்த வகையும் நிறமும் உயரமும் முடிந்தவரை பொருத்துவோம் என்றார். ஒருவர் கொடுத்தது ஒரு தம்பதிக்கு மட்டும்தான் போகும், அது சட்டம் என்றும் சொன்னார். தெரியாமல் அண்ணனும் தங்கையும் மாலை மாற்றிவிடுவார்களோ என்கிற அவர் பயம் அதோடு தீர்ந்தது.

ஆனால் இன்னொரு பயம் பஸ்ஸில் திரும்பும்போது வந்தது. கிணத்துக்கடவு தாண்டியதும் அவளிடம் சொன்னாராம், குலதெய்வம் கோயிலில் முடியெடுக்கிற அன்றைக்குப் பூசாரி கூட்டத்தின் பெயரைச் சொல்லிக் குழந்தையைக் கூப்பிடுவார், அப்போது என் மனசு ஒப்புக்கொள்ளுமா என்று தெரியவில்லை என்று. கோகிலவாணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“கட்டிக்கிட்டு வந்த அன்னிக்கு நானும் அந்தக் கூட்டத்துப் புள்ள இல்லீங்களே. இப்ப அந்தக் கோயில்ல பொங்க வெக்கறது நாந்தானுங்க.”

அவர் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவளுக்கு இரண்டு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒன்பது வருடத்தில் அவர் பூ வாங்கியது அதுதான் மூன்றாவது தடவை என்று அவள் எண்ணிச் சொன்னாள். அடுத்த தடவை போனபோது இரண்டு பேரும் சம்மதக் கையெழுத்துப் போட்டார்கள்.

போன வருடம் ஏப்ரல் பதினாறாம் தேதி, புதன்கிழமை, சிகிச்சை நடந்தது. இரண்டு நாள் முன்னால் கருமுட்டை வெளிவருவதற்கு ஊசி போட்டிருந்தார்கள். மயில்சாமி தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி லேபில் அவருடைய கேனைப் போலவே ஒரு கேன், கொஞ்சம் பெரியது. அதைப் பார்த்ததும் அவருக்குள் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார். எத்தனை டிகிரி தண்ணீரில் இளக்குகிறீர்கள், எத்தனை வினாடி, உயிரணு ஓட்டம் எத்தனை பர்சன்ட் என்று லேபில் இருந்த பெண்ணைக் கேள்வியாகக் கேட்டார். அந்தப் பெண்ணும் இவரை ஏதோ ஆராய்ச்சிக்காரர் என்று நினைத்து எல்லாம் சொல்லியிருக்கிறாள். சீட்டு ஒட்டிய சின்னக் குப்பியைக் காட்டி, இந்த எண்தான் என்று பார்த்து இருவரும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார்கள்.

கோகிலவாணி திரைக்குப் பின்னால் படுத்திருந்தாள். மெல்லிய குழாய் வழியாகச் செலுத்துவது ஐந்து நிமிட வேலை, வலி பெரிதாக இல்லை. அது முடிந்து அசையாமல் படுத்திருக்கச் சொன்ன நேரத்தில் வெளியே அவருடைய குரல் கேட்டது. எங்களுக்கும் இதே முறைதானுங்க, சாயங்காலம் கத்துனா காலையில போட்டுருவோம் என்று அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கைக்கு வேலை இல்லாமல் தவிக்கிறார், அதனால்தான் வாய் ஓடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளாம். நானாக இருந்தால் எழுந்து வந்து ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். அவள் பொறுமைசாலி, முழுங்கிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல சின்ன நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு பெரிய புத்தகத்தில் எழுத உட்கார்ந்தாள். புதுப் புத்தகம், முதல் பக்கம். ஈஸ்வரமூர்த்தியின் கறுப்பு மாடு. ராசாத்தாளின் செவலை. அதற்கடுத்த வரியில் ‘ஊடு’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு எண். ஊடு என்றால் தங்கள் வீட்டு மாடு என்று நினைத்து, தேதி கட்டத்தில் தேதியைப் போட்டு, மாட்டுக்காரர் கட்டத்தில் மயில்சாமி என்று எழுதினாள். மாட்டின் நிறம் எழுதப் போனபோதுதான், நம் மாடு ஐந்து மாதச் சினையாயிற்றே, அதற்கு எதற்கு இப்போது ஊசி என்று தோன்றியது. தேதியைத் திரும்பப் பார்த்தாள். பதினாறு. எண்ணைப் பார்த்தாள். காளை எண்கள் அப்படி இருக்காது. அது குப்பியின்மேல் ஒட்டியிருந்த எண்.

பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் வாசலுக்கு வந்தாள். அவர் பைக் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நோட்டை அவர் முன்னால் நீட்டினாள்.

“ஏனுங்க, நானென்ன மாடுங்களா?”

மயில்சாமி நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். உலகத்தில் எத்தனையோ பதில் இருக்க, பழக்கத்துல எழுதிப்போட்டேன் அம்மணி என்றார். இருந்ததிலேயே கேவலமான பதில் அதுதான். அவள் பையில் நாலு துணியை எடுத்து வைத்துக்கொண்டு, பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். போகிற வழியில் எனக்குப் போன் போட்டாள். உடம்பு அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இல்லாவிட்டால் நேராக ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மனுக்கு அந்த ஆள் பேரில் நியாயம் கேட்டு மிளகாய் அரைத்துப் பூசியிருப்பேன் என்றாள். நானும் அரைத்துக் கொடுக்க வருகிறேன் என்றேன்.

இரண்டு வாரம் கழித்துப் பல்லடத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்தாள். முடிவு வந்ததும் போன் செய்து, நின்னுருச்சு புள்ள என்றாள். சொன்ன பிறகுதான் மாட்டுக்குச் சொல்கிற வார்த்தையே தன் வாயிலும் வந்ததைக் கவனித்தாள் போல. சிரித்தாள், உடனே அழுதாள். அவரிடம் சொல்லாதே என்றாள். நான் இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பொறுத்தவரை அது பெரிய சாதனை.

மூன்றாம் நாள் சாயங்காலம் பால் ஊற்றுகிற கூட்டம் கலைந்த பிறகு மயில்சாமி சொசைட்டிக்கு வந்தார். ஷேவ் செய்யாத முகம், பட்டன் மாற்றிப் போட்ட சட்டை. நான் விடவில்லை. மனுசி வயிற்றில் வைத்ததை மாட்டு வரிசையில் எழுதுகிற கை என்ன கை என்று கேட்டேன். ஒன்பது வருடம் உங்களுக்காக அவள் பட்டதெல்லாம் இந்த ஒற்றை வரிக்குத்தானா என்று கேட்டேன். பழக்கம் என்று மட்டும் இன்னொரு தடவை சொன்னால் சொசைட்டிப் பக்கமே வராதீர்கள் என்றும் சொன்னேன். அவர் காலிக் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

“மத்த மாட்டுக்கெல்லாம் எழுதறது வேலைக்குங்க அம்மணி. அன்னிக்கு எழுதுனது வேண்டுதலுங்க. எழுதாம உட்டு, நிக்காமப் போயிருந்தா, நான் என்னத்துக்கு ஆவேன்?”

சிலர் கோயிலில் மணி கட்டுகிறார்கள், சிலர் தொட்டில் கட்டுகிறார்கள். இந்த மனிதருக்குத் தெரிந்த சாமி சட்டைப் பையில் இருக்கிற நோட்டு ஒன்றுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, இது பிடிக்க வேண்டும், இது பிடிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார். அதைச் சொல்லத் தெரியாமல் பழக்கம் என்று சொல்லித் தொலைத்திருக்கிறார். இருந்தாலும் அவள் பட்ட வலி வலிதானே. வேண்டுதலாகவே இருக்கட்டும், மாட்டு வரிசையில் தன்னைக் கண்ட பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

நின்றுவிட்டது, போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவருடைய வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. நோட்டைப் பாதி வெளியே எடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார். கண் நிறைந்துவிட்டது. நான் பால் நோட்டைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மறுநாள் பல்லடம் போனார். பதினேழு வருடத்தில் ஒரு தாள்கூடக் கிழிக்காத நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்துக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்து, எனக்கு வேண்டாம், நீயே என்ன வேண்டுமானாலும் செய் என்றிருக்கிறார். என் பேரை எழுதக்கூடக் கை வரவில்லையா, ஊடு என்று எழுதினீர்களே என்று கேட்டாள். உன் பேரை எழுதினால் நீ மாட்டு வரிசையில் வந்துவிடுவாயே என்றுதான் எழுதவில்லை என்றார். எழுதாமலே அவள் அந்த வரிசையில் வந்துவிட்டது அவருக்கு அப்போதுதான் உறைத்ததாம். தாளை அவள் கிழிக்கவில்லை. என்றைக்காவது குழந்தைக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரி ஃபைலுக்குள் வைத்துவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ஆனால் மனசு திரும்பவில்லை. பெரிய புத்தகத்தை இனித் தொட மாட்டேன் என்றுவிட்டாள்.

“புள்ள பொறக்கட்டுமுங்க. அதைய நீங்க உங்க புள்ளையாப் பாக்கறீங்களா, ஊசி போட்ட கன்னுக்குட்டியாப் பாக்கறீங்களான்னு பாத்துப்போட்டுத்தான் அந்தப் புத்தகத்தைத் தொடுவேன்.”

ஒன்பது மாதம் அவர் கையாலேயே எழுதினார். மாதாமாதம் அதைச் சரிபார்த்து என் கண் கெட்டது. முதல் பக்கத்தில் தேதியும் மயில்சாமி என்ற பெயரும் மட்டும் இருந்த அந்தப் பாதி வரி அப்படியே கிடந்தது. அவரும் அதைத் தொடவில்லை, அடிக்கவும் இல்லை.

ஜனவரி ஐந்தாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அக்ஷயா என்று பேர் வைத்தார்கள். பார்க்க வந்த ஈஸ்வரமூர்த்தி, அப்படியே அப்பன் மூக்கு என்று சொல்லிவிட்டு இருநூறு ரூபாயைக் குழந்தையின் கையில் வைத்தார். கோகிலவாணி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். மயில்சாமி வெந்நீர் எடுத்துவரப் போய்விட்டார்.

முதல் நாலு நாள் அவர் குழந்தையைத் தூக்கவே இல்லை. மருந்து வாங்கினார், துணி அலசினார், பத்திய ரசம்கூட வைத்தார். ஆனால் தொட்டில் பக்கம் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். எத்தனை கன்றுகளைக் கையால் இழுத்து வெளியே எடுத்த ஆள். கோகிலவாணி பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த நாலு நாளில் அவள் முகம் சுருங்கியதை நானும் பார்த்தேன். அவரிடம் அவள் எதற்குப் பயந்தாளோ அதுதான் நடக்கிறது என்று எனக்கும் தோன்றிவிட்டது.

ஐந்தாம் நாள் காலையில் நான் போயிருந்தபோது குழந்தைக்குப் பால் புரையேறிவிட்டது. கோகிலவாணி கையில் குழந்தையை வைத்துக்கொண்டு பதறினாள். முகம் நீலமாக மாறுகிறது, அழுகை வரவில்லை. மயில்சாமி எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. குழந்தையை வாங்கித் தலைகீழாகச் சாய்த்து, முதுகில் தட்டி, வாயில் விரலை விட்டு வழித்து, மூக்கில் தன் வாயை வைத்து உறிஞ்சித் துப்பினார். சளி அடைத்த கன்றுக்கும் அவர் அதைத்தான் செய்வார். குழந்தை வீரிட்டு அழுதது. இந்த முறை கோகிலவாணி நானென்ன மாடா என்று கேட்கவில்லை. குழந்தையைத் திருப்பிக் கேட்டாள், அவர் தரவில்லை. மத்தியானம் வரை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மூன்று தோட்டத்திலிருந்து மாடு கத்துவதாகப் போன் வந்தது. வர முடியாது என்று அவர் சொன்னதை என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் கேட்டேன்.

இத்தனை நாள் ஏன் தொடவில்லை என்று அவள் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அவளே எனக்குச் சொன்னாள். தூக்கினால் என் முகத்தைப் பார்த்து, நீ யார் என்று கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது என்றாராம். பிறந்து ஐந்து நாளான குழந்தை கேட்குமாம். ஆனால் நான் சிரிக்கவில்லை.

பெரியவளானதும் அவளிடம் எல்லாவற்றையும் தாங்களே சொல்லிவிடுவது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். யாரோ டீக்கடையில் சொல்லித் தெரிவதைவிட அது மேல். அதற்கு முன்னோட்டமாகத்தான் என்னை எழுதச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரியில், நாற்பது நாள் தீட்டுக் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, குழந்தைக்கு ஒரு கவுன் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். மயில்சாமி பாயில் படுத்திருந்தார், குழந்தை அவர் வயிற்றின்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. கோகிலவாணி மேசையில் பெரிய புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அவர் கிறுக்கியதையெல்லாம் அடித்துவிட்டு மேலே அழகாக எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு உயிர் வந்தது. அவளாக எடுத்தாளா, அவர் கேட்டுக்கொண்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

எல்லாம் முடித்து, கடைசியாக முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். அந்தப் பாதி வரியின்மேல் விரலை வைத்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“ஏனுங்க, இந்த வரிக்கு நம்பர் என்னங்க?”

குழந்தையின் முதுகில் இருந்த மயில்சாமியின் கை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது.

“மறந்துபோச்சு அம்மணி.”

முந்தின வாரம்தான் இதே மனிதர் ஏழு வருடத்துக்கு முந்தைய காளை எண் ஒன்றை என்னிடம் ஒப்பித்திருந்தார். கோகிலவாணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

மார்ச் கடைசியில் புத்தகம் என் மேசைக்கு வந்தது. முதல் பக்கத்தைத் திறந்தேன். ஏப்ரல் பதினாறு என்று தேதி. மாட்டுக்காரர் கட்டத்தில் முன்பே எழுதியிருந்த மயில்சாமி என்ற பெயருக்கு முன்னால், புது மையில், ‘அப்பா’ என்று சேர்த்திருந்தாள். மாடு என்ற கட்டத்தில் ‘அம்மா கோகிலவாணி’ என்று கொட்டை எழுத்தில். பலன் கட்டத்தில் அக்ஷயா. காளை எண்ணுக்கான கட்டம் வெறுமையாக இருந்தது.

விதிப்படி அந்தப் புத்தகத்தை நான் திருப்பி அனுப்ப வேண்டும். மேசை டிராயரைத் திறந்து முத்திரையை எடுத்து, மையில் இரண்டு தடவை நன்றாக அழுத்தி, அந்தப் பக்கத்தில் குத்தினேன்.